லீக்கை மண்டலமாகப் பிரிக்கிறீர்களா? முதலில் மேலே எத்தனை இடம் என்று கேளுங்கள்

கீழ்ப் பிரிவுக் கால்பந்து லீக்குகளை வடக்கு, தெற்கு என்று மண்டலமாகப் பிரிக்கும் யோசனை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைதூக்கும். பயணச் செலவுதான் அதற்குக் காரணம். 24 அணிகள் உள்ள பிரிவில் ஒரு கிளப்புக்கு 46 ஆட்டங்கள். அவற்றில் 23 வெளியூரில். டிக்கெட் வருமானத்தை நம்பிப் பிழைக்கும் சிறிய கிளப்புக்கு 23 முறை பஸ் வாடகையும் அவ்வப்போது தங்கும் விடுதியும் முதுகை முறிக்கும் செலவு. ஆகவே யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கூட்டம் கூடியதுமே எல்லாரும் வரைபடத்தை விரித்துக் கோடு எந்த ஊர் வழியாகப் போவது என்று மல்லுக்கு நிற்பார்கள். மேல் பிரிவுக்கு ஏற எத்தனை இடம் இருக்கிறது என்று கேட்பவருக்குக் கடைசியில்தான் வாய்ப்பு வரும். அவரை முதலில் பேச விட்டிருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1921 முதல் 1958 வரை மூன்றாம் பிரிவு வடக்கு, தெற்கு என இரண்டாக இருந்தது. இரண்டாம் பிரிவுக்கு ஏற ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே இடம், அதுவும் முதலிடம் பிடித்தவருக்கு மட்டும். 1921-22 பருவத்தில் தெற்கில் சவுத்தாம்ப்டனும் பிளிமத் ஆர்கைலும் ஆளுக்கு 61 புள்ளிகள் எடுத்தன. கோல் சராசரியில் (அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்த கணக்கு) சவுத்தாம்ப்டன் முந்தி மேலே போனது. பிளிமத் மறு ஆண்டும் இரண்டாமிடம், அதற்கு மறு ஆண்டும் இரண்டாமிடம். 1927 வரை தொடர்ந்து ஆறு பருவங்கள் அதே இடத்தில் நின்றது அந்த அணி. மேலே ஏறியது 1930-ல்தான். ஒரு வாசலைத் திறந்து வைத்து அதில் ஓர் ஆள் மட்டும் நுழையலாம் என்றால், வாசலிலேயே ஒரு தலைமுறை வீரர்களுக்கு வயதாகிவிடும்.

ஜெர்மனி இந்தத் தவறை இன்னும் பெரிதாகச் செய்தது. 2012-ல் நான்காம் அடுக்கான ரீகியோனால்லீகாவை மூன்று மண்டலத்திலிருந்து ஐந்தாக்கினார்கள். மூன்றாம் லீக்கில் காலியாகும் இடங்களோ மூன்றுதான். ஐந்து சாம்பியன்களோடு தென்மேற்கு மண்டலத்தில் இரண்டாமிடம் பிடித்த அணியையும் சேர்த்து ஆறாக்கி, மூன்று பிளே-ஆஃப் மோதல்கள் நடத்தினார்கள். ஆண்டு முழுதும் ஆடி மண்டலத்தை வென்ற அணி, இரண்டே ஆட்டத்தில் வெறுங்கையோடு வீடு திரும்பலாம். வால்ட்ஹோஃப் மான்ஹைம் அணி 2016-ல் தென்மேற்கின் சாம்பியனாகவும், 2017, 2018-ல் இரண்டாமிடம் பிடித்தும் வந்து, மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பிளே-ஆஃபில் தோற்றது. 'சாம்பியன் ஏறியே ஆக வேண்டும்' என்று ரசிகர்கள் முழங்கிய பிறகு இடங்களை நான்காக்கினார்கள். ஐந்தை நான்கால் வகுத்தால் மீதி வரத்தானே செய்யும்! அதனால் எந்த மண்டலத்துக்கு நேரடி இடம், எந்த இரண்டு மோதிக்கொள்ள வேண்டும் என்ற பஞ்சாயத்து ஓயவில்லை. மண்டலங்களின் எண்ணிக்கையை மேலே உள்ள இடங்களை வைத்து முடிவு செய்யுங்கள். இடங்களைக் கூட்ட மேல் லீக் சம்மதிக்காவிட்டால் மண்டலங்களைக் குறையுங்கள்.

இதோடு ஒட்டிய சிறிய தவறு ஒன்றும் உண்டு. இரண்டாமிடம் பிடித்தவர்களில் சிறந்த ஒருவருக்கு இடம் என்று விதி எழுதி, இரு மண்டலங்களின் மொத்தப் புள்ளிகளையும் அப்படியே ஒப்பிடுவார்கள். ஒரு பக்கம் 20 அணி, மறுபக்கம் 22 அணி என்றால் ஆட்டங்கள் முறையே 38, 42. ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்று வகுத்துப் பார்த்தாலும் முழு நியாயம் கிடைக்காது, ஏனெனில் எதிரிகளே வேறு. இரண்டு பேரையும் பொது மைதானத்தில் ஒரு ஆட்டம் ஆடவிடுவது மேல்.

இனி வரைபடத்துக்கு வருவோம். மண்டலத்துக்குத் தெற்கு என்று பெயர் வைத்துவிட்டால் பயணம் தானாகக் குறைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். தென்மேற்கு மூலையில் உள்ள பிளிமத்தும் கிழக்குக் கரைப் பக்கம் உள்ள நார்விச்சும் அந்தப் பழைய தெற்குப் பிரிவில் சேர்ந்தே ஆடின. இடையே சாலை வழியாக 500 கிலோமீட்டருக்கு மேல். நாட்டைக் குறுக்கே வெட்டினால் நெடுக்காக ஓடுவது குறையும், அகலவாட்டில் ஓடுவது அப்படியே இருக்கும். சராசரித் தூரத்தை மட்டும் காட்டும் அட்டவணையையும் நம்ப வேண்டாம். நடுவில் இருக்கும் பத்து கிளப்புகளுக்கு மிச்சமாகும் தூரம், ஓரத்தில் இருக்கும் ஒரு கிளப்பின் அவதியை மறைத்துவிடும். ஒவ்வொரு கிளப்புக்கும் தனித்தனியே எல்லா வெளியூர்த் தூரங்களையும் கூட்டிப் பார்த்து, மோசமான மூன்றை மேசைமேல் வையுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

கோடு நிலையானது என்று நினைப்பதுதான் இதில் மிகப் பெரிய தவறு. மேலிருந்து இந்த ஆண்டு இறங்கும் நான்கு அணிகளும் தென்பகுதியினவாக இருந்தால் என்ன செய்வது? தெற்கில் இடம் நிரம்பி வழியும், வடக்கில் குறையும். யாரையாவது கோட்டைத் தாண்டித் தள்ளித்தான் ஆக வேண்டும். 2023-ல் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டு அணிக்கு நேர்ந்தது இதுதான். லண்டனுக்கு மிக அருகில் உள்ள ஊர் அது. லண்டனையும் தென்கிழக்கையும் சேர்ந்த இஸ்த்மியன் லீக்கை வென்று ஏறியது. பரிசாகக் கிடைத்தது நேஷனல் லீக் வடக்கு! ஸ்காட்லாந்து எல்லைப் பக்கம் இருக்கும் பிளைத் வரை ஒரு ஆட்டத்துக்காக 400 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது. அந்தப் பருவத்திலேயே அணி கீழே இறங்கியது. பயணம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெற்றி பெற்றவருக்கு இது எந்த வகை மரியாதை?

கோட்டருகே இருப்பவர்களுக்கு இந்த அலைக்கழிப்பு புதிதில்லை. இங்கிலாந்தின் அந்தப் பழைய மூன்றாம் பிரிவில் வால்சால் அணி 1927, 1931, 1936 என மூன்று முறை பக்கம் மாறியது. இதைத் தவிர்க்க முடியாது, ஆனால் முறைப்படுத்தலாம். இடம் போதாதபோது எந்த அளவுகோலில் அணி மாற்றப்படும், ஒரு கிளப்பை எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மாற்றலாம், அறிவிப்பு எந்தத் தேதிக்குள் வரும், கூடுதல் பயணத்துக்குப் பொது நிதியிலிருந்து எவ்வளவு என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். பருவம் முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதினால், எந்த விதியும் யாரோ ஒருவருக்காக எழுதப்பட்டதாகவே தெரியும்.

வரவுக் கணக்கிலும் சறுக்குகிறார்கள். பக்கத்து ஊர் அணி வந்தால் அதன் ரசிகர்களும் வருவார்கள், வசூல் கூடும் என்பது உண்மை. ஆனால் மேலிருந்து விழுந்த பெரிய கிளப் மறு மண்டலத்துக்குப் போய்விட்டால், ஆண்டில் ஒருநாள் அரங்கம் நிரம்பும் அந்த ஆட்டம் உங்களுக்கு இல்லை. செலவில் மிச்சமானதை மட்டும் எழுதிக் காட்டும் அறிக்கை பாதி அறிக்கை.

மாறும் ஆண்டு இன்னொரு கண்ணி. ஸ்பெயின் தன் மூன்றாம் அடுக்கை 2021-ல் மாற்றி அமைத்தது. அதற்கு முந்தைய பருவத்தில் அங்கே 102 அணிகள். ஒரே பருவத்தின் முடிவு ஓர் அணியைப் புதிய மூன்றாம் அடுக்கிலும் வைக்கலாம், நான்கிலும் வைக்கலாம், ஐந்திலும் தள்ளலாம் என்ற நிலை. பந்தயம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பருவம் தொடங்கும் முன்பே தெரிந்ததால் தப்பியது. பாதி ஆட்டம் முடிந்த பிறகு இதை அறிவித்திருந்தால் வழக்குகள் வரிசை கட்டியிருக்கும்.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு ஆட்ட அட்டவணையில் கோட்டைவிடுவதும் உண்டு. இந்த அடுக்கில் ஆடுகிறவர்களில் பலர் பகல் வேலை பார்ப்பவர்கள். செவ்வாய் இரவு ஆட்டம் 300 கிலோமீட்டர் தள்ளி என்றால் மதியமே வேலையிலிருந்து கிளம்ப வேண்டும், வீடு திரும்ப அதிகாலை ஆகிவிடும். மறுநாள் காலை மீண்டும் வேலை. விடுப்பு கிடைக்காத கோல்கீப்பர் பஸ் ஏற மாட்டார். வார நாள் ஆட்டங்களை அண்டை ஊர்களுக்குள் வைத்துவிட்டு, தூரத்து ஊர்களைச் சனிக்கிழமைக்குத் தள்ள அட்டவணை போடுகிறவருக்கு ஒரு மாலை நேர வேலைதான் ஆகும்.