செக்லிஸ்ட் எங்கே நின்று போட்டார்கள்? மேப்பில் பார்ப்பது எப்படி

ஜெனரேட்டர், ஃபயர் பம்ப், லிஃப்ட் என்று ஊர் முழுக்க சைட் எடுத்துப் பராமரிக்கும் கம்பெனிகளில் இந்தத் தலைவலி எப்போதும் உண்டு. டெக்னீஷியன் அனுப்பும் செக்லிஸ்ட்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும், ஆனால் அதை பெருங்குடி சைட்டில் நின்று போட்டாரா, சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து ஐந்து சைட்டுக்கும் சேர்த்துப் போட்டாரா என்று ஆபீஸில் இருப்பவருக்குத் தெரியாது. போட்டோ கேட்டாலும் பெரிய பலன் இல்லை, வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் போட்டோவிலிருந்து லொக்கேஷன் விவரம் கழன்றுவிடும். கூகுள் ஃபார்ம்ஸில் லொக்கேஷன் எடுக்கும் கேள்வியே கிடையாது.

இதற்கு கோபோடூல்பாக்ஸ் என்ற ஆன்லைன் ஃபார்ம் கருவி போதும். நிவாரணப் பணிக் கணக்கெடுப்புக்காக உருவானதுதான் என்றாலும் செக்லிஸ்ட்டுக்கும் கச்சிதமாகப் பொருந்தும். இலவசக் கணக்குக்கு வரம்பு உண்டு, வணிக நிறுவனம் என்றால் எந்தப் பிளான் சரி என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஃபார்ம் போடும்போது சைட் பெயரை டைப் அடிக்க விடாதீர்கள், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிற மாதிரி வையுங்கள். இல்லையென்றால் ஒரே சைட் நாலு ஸ்பெல்லிங்கில் வந்து நிற்கும். அதற்கு அடுத்த கேள்வியே 'பாயின்ட்', அதாவது லொக்கேஷன். கடைசியில் வைத்தால் வேலை முடித்துக் கிளம்பி பைக்கில் ஏறின பிறகு அழுத்துவார்கள். அப்புறம் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய் தொடங்கிய நேரம், முடித்த நேரம், 'ஸ்டார்ட்-ஜியோபாயின்ட்' மூன்றையும் ஆன் செய்யுங்கள். கடைசியில் சொன்னது ஃபார்மைத் திறந்த இடத்தைத் தானாகவே பதிந்துகொள்ளும், ஆகவே ஒரு செக்லிஸ்ட்டுக்கு இரண்டு 'பின்' (மேப்பில் இடத்தைக் காட்டும் புள்ளி) கிடைக்கும்.

டெக்னீஷியன் போனில் கோபோகலெக்ட் ஆப் இருக்க வேண்டும். அது ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான், ஐபோன்காரர் பிரவுசரில்தான் நிரப்ப முடியும். பிரவுசரில் ஒரு ஓட்டை இருக்கிறது: மேப்பில் எந்த இடத்தை வேண்டுமானாலும் தொட்டுப் பின் வைத்துவிடலாம். இடத்தைச் சரிபார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஆப்பையே கட்டாயமாக்குங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு நெட் தேவையில்லை, சிக்னல் இல்லாத சைட்டில் நிரப்பினாலும் ஃபார்ம் போனில் தங்கி, நெட் வந்ததும் போய்விடும். போனில் லொக்கேஷன் அனுமதி கொடுக்கும்போது மட்டும் 'துல்லியமான இடம்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு 12 வந்ததிலிருந்து 'தோராயமான இடம்' என்றும் ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதைத் தட்டிவிட்டால் எல்லாம் வீண்.

இனி எல்லாரும் தடுக்கி விழும் இடம். ஒவ்வொரு பின்னோடும் துல்லியம் என்று ஒரு எண் மீட்டரில் வரும், நிஜ இடத்திலிருந்து பின் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பதுதான் அது; எண் சிறிதாக இருந்தால் நல்லது. திறந்த வெளியில் நல்ல போன் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் சொல்லிவிடும், அந்த அளவுக்கு வந்ததும் ஆப் தானாகவே பதிந்துகொள்ளும். பொறுமை இல்லாதவர் அதற்கு முன்பே சேவ் அழுத்திவிடலாம், அப்போது 60, 80 என்று நிற்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் பக்கத்துத் தெருவில் பின் விழும். பம்ப் ரூமோ டி.ஜி. செட்டோ (டீசல் ஜெனரேட்டர்) பேஸ்மென்ட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம், அங்கே ஜிபிஎஸ் எட்டாது. செல் டவரையும் வைஃபையையும் வைத்து போன் ஏதோ ஒரு இடத்தை யூகித்துச் சொல்லும். அதனால் விதியை இப்படி வையுங்கள்: ரேம்ப்பில் இறங்கும் முன், வானம் தெரிகிற இடத்தில் நின்று பாயின்ட்டை எடு, பிறகு கீழே போய் மீதியை நிரப்பு. இதைச் சொல்லித்தராமல் 'ஏன் இருநூறு மீட்டர் தள்ளி நின்றாய்' என்று ஆளைத் திட்டுவது அநியாயம்.

மேப்பைப் பார்க்க, ப்ராஜெக்ட்டில் 'டேட்டா' போய் 'மேப்' அழுத்துங்கள். சைட் பெயர் கேள்வியை வைத்து நிறம் பிரிக்கச் சொன்னால் ஒவ்வொரு சைட்டும் ஒரு நிறத்தில் வரும். ஒரே நிறப் பின்கள் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் சரி. வெவ்வேறு நிறங்கள் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அதுதான் டீக்கடை.

நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஃபார்ம் சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், நம் நேரத்துக்கு 5.30 மணி கூட்ட வேண்டும். அது நெட் கிடைத்த நேரம்தானே ஒழிய வேலை முடிந்த நேரம் அல்ல, ஆகவே முடித்த நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். துல்லியம் 0 என்று வந்திருந்தால் சந்தேகப்படுங்கள். நிஜ ஜிபிஎஸ் 0 காட்டாது. ஃபேக் லொக்கேஷன் ஆப்போ, கையால் வைத்த பின்னோ அப்படி வரும்.

சைட்டின் நிஜ இடத்துக்கும் பின்னுக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் போட வேண்டுமானால் எக்ஸெல்லாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். சிஎஸ்வி வேண்டாம், கோபோவின் சிஎஸ்வியில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி இருப்பதால் பல இடங்களில் சிக்கும். சென்னைப் பக்கம் அந்த இரண்டு இடங்களின் அட்சரேகை வித்தியாசத்தை 111000ஆலும், தீர்க்கரேகை வித்தியாசத்தை 108000ஆலும் பெருக்கி, இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மீட்டரில் தூரம் வந்துவிடும். சாதாரண சைட்டுக்கு 100 மீட்டர் வரை விட்டுவிடலாம் என்பது என் கணக்கு.

வாடிக்கையாளருக்குக் காட்ட கூகுள் மை மேப்ஸ் நன்றாக இருக்கும், அதே எக்ஸெல்லை இம்போர்ட் செய்தால் போதும், ஒரு லேயருக்கு 2000 வரிசை வரை ஏற்கும். அட்சரேகை எது, தீர்க்கரேகை எது என்று கேட்கும்போது மாற்றிக் கொடுத்துவிட்டால் சென்னை சைட்டுகள் எல்லாம் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் பக்கம் ஆர்க்டிக் கடலில் மிதக்கும், பயப்படாமல் திருப்பிப் போடுங்கள்.

மேப்பில் இருக்கும் பின் சொல்வது போன் எங்கே இருந்தது என்பதை மட்டும்தான். ஆள் வாசலில் நின்று பாயின்ட் எடுத்துவிட்டு உள்ளே போகாமலே டிக் போடலாம். அதனால் டி.ஜி. செக்லிஸ்ட்டில் 'ஆயில் ஓகேவா' மாதிரி கேள்விகளோடு நிறுத்தாமல் ஹவர் மீட்டர் (ஜெனரேட்டர் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டுவது) ரீடிங்கை எண்ணாகக் கேளுங்கள். போன வார ரீடிங்கைவிட அது குறைந்திருந்தால் மேப் தேவையே இல்லை.

ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஃபார்ம் நிரப்பும்போது மட்டும்தான் இடம் பதிவாகும், நாள் முழுக்கப் பின்தொடர்வது இல்லை என்று. மை மேப்ஸில் டெக்னீஷியன் பெயர் இருக்கும் பத்தியை நீக்கிவிட்டு ஏற்றுங்கள், லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம் என்று திறந்து வைக்காமல் வாடிக்கையாளரின் மெயிலுக்கு மட்டும் பகிருங்கள்.