மிஸ் கிட்ட "எப்படி இருக்கான்?"னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க: ஏடிஹெச்டி மருந்தும் ஸ்கூலும்

காலைல ஏழரைக்கு ரெண்டு இட்லியோட ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்குற பிரச்சனைக்கான மாத்திரைய குடுத்து வேன் ஏத்தி விட்டுடுறோம், அது வேலை செய்ற நேரம் பூரா பிள்ளை ஸ்கூல்ல இருக்கு, சாயங்காலம் வீட்டுக்கு வர்றப்ப பாதி மருந்துங்களோட வேலை முடிஞ்சே போயிருக்கும். அப்ப மருந்து கேக்குதா இல்லையான்னு யாருக்கு தெரியும்? நமக்கும் தெரியாது, எப்பவாச்சும் கால் மணி நேரம் பாக்குற டாக்டருக்கும் தெரியாது, கிளாஸ் மிஸ்ஸுக்கு தான் தெரியும். அமெரிக்காவுல 579 பிள்ளைங்கள 14 மாசம் பாத்து ஏடிஹெச்டி சிகிச்சைங்கள ஒப்பிட்ட எம்டிஏ ஆய்வு 1999ல வந்துச்சு. வெளில வழக்கமான டாக்டர் கிட்ட போன குரூப்லயும் ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு பிள்ளைங்க மருந்து சாப்பிட்டவங்க தான், ஆனாலும் ஆய்வுக்குள்ள மருந்து வாங்குன பிள்ளைங்களுக்கு அறிகுறிங்க நல்லாவே குறைஞ்சுது. ரெண்டுக்கும் இருந்த வித்தியாசங்கள்ல ஒண்ணு, மாசா மாசம் டீச்சர் என்ன சொல்றாங்கன்னு கேட்டு கேட்டு டோஸ சரி பண்ணது.

நம்ம ஊர்ல முதல் தப்பு அங்கயே ஆரம்பிக்குது, ஸ்கூல்ல சொல்லவே மாட்டோம். டிசி குடுத்துடுவாங்களோ, "மாத்திரை சாப்பிடுற பையன்"னு பேர் வந்துடுமோன்னு பயம். அந்த பயம் நியாயமானது தான், அதனால எல்லார் கிட்டயும் சொல்லணும்னு நான் சொல்லல. கிளாஸ் டீச்சர், முடிஞ்சா ஸ்கூல் கவுன்சிலர், இந்த ரெண்டு பேர் போதும். கூடவே ஒரு வேண்டுகோளும் வைங்க, கிளாஸ் நடுவுல "இன்னைக்கு மாத்திரை போடலயா?"னு கேக்கவே கூடாது. அந்த ஒரு வரிக்கு அப்புறம் எத்தனையோ பிள்ளைங்க மாத்திரையவே வெறுத்துடுறாங்க.

அடுத்தது தான் பெரிய தப்பு. பேரன்ட்ஸ் மீட்டிங்ல போய் "எப்படி மிஸ் இருக்கான்?"னு கேப்போம், அவங்களும் நாப்பது பேர்ல ஒருத்தன நினைச்சு பாத்து "பரவால்லங்க, கொஞ்சம் விளையாட்டுத்தனம் ஜாஸ்தி"ம்பாங்க. இத வச்சு டாக்டர் என்ன முடிவு எடுக்க முடியும்? கேள்விய சின்னதாக்குங்க. போர்டுல எழுதினத முழுசா காப்பி பண்றானா, ஒரு பீரியட்ல எத்தனை தடவை எந்திரிக்கிறான், நோட்ட முடிச்சு டேபிள்ல வைக்கிறானா. உங்க பிள்ளைக்கு எது பிரச்சனையோ அதுல மூணு எடுத்து, டிக் போடுற மாதிரி ஒரு சின்ன கார்டா டைரில ஒட்டி குடுங்க, ஒரு நிமிஷத்துக்கு மேல அவங்க நேரத்த எடுக்கக்கூடாது. டிக் விழுந்த அன்னைக்கு வீட்ல ஒரு சின்ன பரிசு இருக்கணும், விழாத அன்னைக்கு திட்டு இருக்கக்கூடாது. திட்டுனா அந்த கார்டு வீடு வந்து சேராது.

டாக்டர் கிட்ட வேண்டர்பில்ட் ஃபார்ம் கேளுங்க, ஏடிஹெச்டி அறிகுறிங்கள அளக்குற கேள்வித்தாள் அது, டீச்சருக்குன்னே தனியா இருக்கு. அறிகுறி பத்தின ஒவ்வொரு கேள்விக்கும் இல்லவே இல்ல, எப்பவாச்சும், அடிக்கடி, ரொம்ப அடிக்கடின்னு 0ல இருந்து 3 வரைக்கும் போடணும். மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு தடவை நிரப்பி வாங்கிடணும், நிறைய பேர் கோட்ட விடுறது இங்க தான். பழைய நிலைமை என்னன்னு பேப்பர்ல இல்லன்னா, ரெண்டு மாசம் கழிச்சு முன்னேற்றத்த எத வச்சு அளப்பீங்க?

டைம் கணக்கு தெரியாம கேக்குறதும் ஒரு தப்பு. ஏடிஹெச்டிக்கு பெரும்பாலும் குடுக்குற மெத்தில்ஃபெனிடேட்ங்கற மருந்துல சாதா மாத்திரை சுமார் நாலு மணி நேரம் தான் நிக்கும், லாங் ஆக்டிங்னா பிராண்ட பொறுத்து எட்டுல இருந்து பன்னெண்டு மணி நேரம் வரைக்கும் போகும். ஏழரைக்கு சாதா மாத்திரை போட்ட பையன பத்தி ஏழாவது பீரியட் மேத்ஸ் மிஸ் "ஒரு மாற்றமும் இல்ல"ன்னா அவங்க சொல்றது உண்மை தான், ஆனா மருந்து தோத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அந்த நேரத்துக்கு மருந்தே இல்ல. அதனால காலை பீரியட் எடுக்குறவங்க ஒருத்தர், மதியம் எடுக்குறவங்க ஒருத்தர், ரெண்டு பேர் கிட்டயும் வாங்குங்க. மருந்து இறங்குற நேரத்துல சில பிள்ளைங்களுக்கு எரிச்சலும் அழுகையும் ஜாஸ்தியா வரும், டியூஷன் மிஸ் பாக்குறது பெரும்பாலும் அததான். அட்டமாக்செட்டின்ங்கற வேற வகை மருந்த குடுத்திருந்தாங்கன்னா கதையே வேற, முழு பலன் தெரிய நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும், முதல் வாரத்துலயே மிஸ்ஸ போய் கேட்டு மனசு விட்டுடாதீங்க.

மாத்திரை போட மறந்த நாளையும் லீவு நாளையும் நீங்களே ஒரு நோட்ல குறிச்சு வைங்க. அது இல்லாம வர்ற ரிப்போர்ட் டாக்டர தப்பான பக்கம் கூட்டிட்டு போயிடும்.

இப்ப சொல்லப்போறது எனக்கு மனசுக்கு ரொம்ப கஷ்டமான விஷயம். "இப்ப ரொம்ப அமைதியா இருக்கான், தொந்தரவே இல்ல"ன்னு மிஸ் சந்தோஷமா சொல்வாங்க, நாமளும் சந்தோஷப்பட்டுடுவோம். அப்பவே திருப்பி கேளுங்க, இன்டர்வெல்ல விளையாடுறானா, சிரிக்கிறானா, ஃப்ரெண்ட்ஸ் கிட்ட பேசுறானா? முகம் மங்கி, கூப்பிட்டா லேட்டா திரும்பி பாக்குற மாதிரி இருந்தா டோஸ் ஜாஸ்தியா இருக்கலாம், உடனே டாக்டர்கிட்ட சொல்லணும். நமக்கு வேண்டியது கவனம், பொம்மை மாதிரி உக்காந்திருக்கற பிள்ளை இல்ல. லஞ்ச் பாக்ஸ் அப்படியே திரும்பி வருதா, தலைவலி வயித்து வலின்னு சிக் ரூமுக்கு போறானா, கண்ண சிமிட்டிட்டே இருக்கானா, இதையும் மிஸ் தான் பாப்பாங்க, ஆனா கேட்டா தான் சொல்வாங்க. வீட்ல மாசம் ஒரு தடவை எடை பாத்து எழுதிடுங்க.

மார்க்க வச்சு மருந்த அளக்குறதும் வேண்டாம். மாத்திரை உக்கார வைக்கும், பாடம் சொல்லித்தராது. கவனம் நல்லா வந்தும் படிக்கறதும் எழுதறதும் அப்படியே நின்னா கற்றல் குறைபாடு இருக்கான்னு டெஸ்ட் பண்ணுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தோட 21 வகை பட்டியல்ல கற்றல் குறைபாடு இருக்கு, ஏடிஹெச்டி தனியா இல்ல, பரீட்சை சலுகை கேக்குறப்ப இந்த வித்தியாசம் முக்கியம்.

மதிய டோஸ் ஸ்கூல்ல குடுக்கணும்னா பைக்குள்ள போட்டு அனுப்பாதீங்க. மெத்தில்ஃபெனிடேட் இந்தியாவுல ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது விக்கறதுக்கு கடுமையான கட்டுப்பாடு இருக்குற மருந்து, வேற பிள்ளை எடுத்து வாயில போட்டா ரொம்ப ஆபத்து. ஸ்ட்ரிப்போட, பிரிஸ்கிரிப்ஷன் காப்பியோட, ஸ்கூல் நர்ஸ் கிட்டயோ ஆஃபீஸ்லயோ எழுதி குடுத்துடுங்க. அதே மாதிரி மிஸ் "மந்தமா இருக்கான்"னு சொன்னதும் நாமளே பாதியா உடைச்சு குடுக்கறதும், "நல்லாயிட்டான்"னதும் நிறுத்துறதும் வேண்டாம், அவங்க சொன்னத அப்படியே டாக்டர் கிட்ட கொண்டு போங்க.

ஜூன் மாசம் கிளாஸ் மாறுனதும் பழைய மிஸ்ஸுக்கு தெரிஞ்சது எதுவும் புது மிஸ்ஸுக்கு தானா போய் சேராது. பழைய ஃபார்ம், கார்டு எல்லாம் ஒரு ஃபைலா போட்டு முதல் வாரத்துலயே நேர்ல பாத்து குடுத்துடுங்க, ஆனா புது ஃபார்ம நிரப்ப சொல்லி அப்பவே நீட்டாதீங்க, பிள்ளைய புரிஞ்சுக்க அவங்களுக்கு ஒரு மாசமாச்சும் டைம் குடுங்க.