பதினாறு கோர் இருந்தும் கேம் திணறுகிறதா? பிராசசர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அக்கா மகனுக்கு விமானம் ஓட்டும் கேம் என்றால் உயிர். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்காகவே காசு சேர்த்து, ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ரைசன் 9 5950எக்ஸ் வாங்கினான். 16 கோர், 32 த்ரெட். கோர் என்பது பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி, த்ரெட் என்பது அதில் ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை. "பதினாறு கோர் தம்பி, இன்னும் பத்து வருஷத்துக்குக் கை வைக்க வேண்டியதில்ல" என்று கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டே வாரத்தில் எனக்குப் போன் வந்தது. "மாமா, பிராசசர் பன்னெண்டு பெர்சென்ட்தான் ஓடுது. ஆனா பெரிய ஊர்ல லேண்டிங் பண்றப்ப படம் நின்னு நின்னு வருது."

நேரில் போய்ப் பார்த்தேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஒரே கிராஃபாக இருந்ததை ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனிக் கட்டமாக மாற்றினோம். 32 சின்னக் கட்டங்கள். இரண்டு மூன்றில் கோடு மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, மற்றதெல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தது. கிராபிக்ஸ் கார்டு 55 சதவீதத்தில் இருந்தது. கேமுக்குள்ளேயே டெவலப்பர் மோடு என்று ஒன்று உண்டு. அதில் எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃபிரேம், அதாவது படம், வருகிறது என்ற எண்) காட்டும் பெட்டியைத் திறந்தால், எது தடையாக இருக்கிறது என்று அதுவே எழுதிக் காட்டும். கேமின் முக்கிய வேலையை ஓட்டும் மெயின் த்ரெட்தான் தடை என்று வந்தது.

பிராசசர் பன்னிரண்டு சதவீதம்தான் ஓடுகிறது, அதனால் அதில் இன்னும் தெம்பு இருக்கிறது என்று அவன் நினைத்துவிட்டான். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். 32 த்ரெட்டில் ஒரு த்ரெட் முழு மூச்சாக ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது வெறும் 3 சதவீதம். விண்டோஸ் அந்த வேலையை ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், எந்தக் கட்டமும் நூறைத் தொடாமலும் போகலாம். அதனால் மொத்த சதவீதத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கேம் ஓடும்போது எஃப்பிஎஸ்ஸுக்கு எந்த வரம்பும் வைக்காமல் கிராபிக்ஸ் கார்டின் அளவைப் பாருங்கள். அது 95-க்கு மேல் நின்றால் தடை கார்டில் இருக்கிறது. அதற்கு நன்றாகக் கீழே இருந்தால், பெரும்பாலும் பிராசசரின் ஏதோ ஒரு த்ரெட்டுக்காகக் கார்டு காத்துக்கொண்டிருக்கிறது.

கோர் எண்ணிக்கையை வேகம் என்று எடுத்துக்கொள்வது

கல்யாணச் சமையலில் காய் நறுக்க எத்தனை பேர் வந்தாலும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். பருப்பு வேகும் நேரத்தை ஆள் சேர்த்துக் குறைக்க முடியாது. கணினி வேலையிலும் இந்த இரண்டும் கலந்தே இருக்கும். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். ஒரு வேலையில் 60 சதவீதத்தைத்தான் பிரித்துக் கொடுக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கோரில் அது 1.8 மடங்கு வேகமாகும். 8 கோரில் 2.1 மடங்கு, 16 கோரில் 2.3 மடங்கு. கோரை எத்தனை ஆயிரமாகக் கூட்டினாலும் 2.5-ஐத் தாண்டாது.

கேம் இந்த வகையைச் சேர்ந்தது. 144 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபிரேமும் 6.9 மில்லிசெகண்டில் தயாராக வேண்டும். அதற்குள் நீங்கள் அழுத்திய பட்டனைப் படித்து, எதிராளி எங்கே நகர்ந்தான் என்று கணக்கிட்டு, என்ன வரைய வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லியாக வேண்டும். இதில் பல வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும். 3டி ரெண்டர், அதாவது 3டி மாதிரியிலிருந்து படத்தை உருவாக்கும் வேலை, அப்படியல்ல. படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடலாம். அங்கே 8 கோர் 16 ஆனால் நேரம் ஏறக்குறைய பாதியாகும். அந்த வேலைக்குக் காசைத் தாராளமாகக் கோரில் போடலாம்.

இது புதுக் கதையும் அல்ல. 2011-இல் ஏஎம்டி எஃப்எக்ஸ்-8150 என்ற பிராசசரை எட்டு கோர் என்று விற்றது. உள்ளே இருந்தது நான்கு மாட்யூல்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கோர், ஆனால் தசம எண் கணக்குப் போடும் பகுதி அந்த இரண்டுக்கும் பொது. நான்கே கோர் கொண்ட இன்டெல் ஐ5-2500கே பெரும்பாலான கேம்களில் அதைத் தாண்டிப் போனது. அந்தப் பிராசசர்களை எட்டு கோர் என்று சொல்லி விற்றது சரியா என்ற வழக்கு அமெரிக்காவில் பல வருடம் நடந்து, 2019-இல் 1.21 கோடி டாலருக்குச் சமரசமானது.

இன்றும் கோர் எல்லாம் ஒரே ரகம் இல்லை. இன்டெல் ஐ9-14900கே-யில் 24 கோர். அதில் 8 பெரியவை, 16 சிறியவை. கேமின் முக்கிய வேலை அந்த 8-இல்தான் நடக்கும். சிறியவை வீண் என்று சொல்ல வரவில்லை, வீடியோ எக்ஸ்போர்ட்டில் அவை நன்றாகவே உழைக்கும். ஆனால் ஏஎம்டி-யின் 16-ஐயும் இன்டெலின் 24-ஐயும் பக்கத்தில் வைத்து எண்ணால் மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

இதைப் படித்துவிட்டு நாலு கோரே போதும் என்று போய்விடாதீர்கள். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 2020-இல் எட்டு கோரோடு வந்தன. பெரிய கேம்கள் அவற்றை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. நாலு கோரில் சராசரி எஃப்பிஎஸ் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சண்டை சூடு பிடிக்கும் நேரத்தில் வெட்டி வெட்டி வரும். புதிதாக வாங்குபவர்களுக்கு 6 கோர் 12 த்ரெட்டுக்குக் கீழே நான் பரிந்துரைப்பதில்லை. கேமுக்கு மட்டும் என்றால் 8 கோருக்கு மேலும் பரிந்துரைப்பதில்லை.

கேஷைப் பார்க்காமல் விடுவது

விளம்பரத்தில் கோரும் கிகாஹெர்ட்ஸும் கொட்டை எழுத்தில் இருக்கும். கேம் ஆடுபவர்களுக்கு அதிகம் பயன்படும் எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம், கடைசி வரியில் சின்னதாக இருக்கும். ரேம் வரை போய்த் தகவல் எடுத்துவர பிராசசருக்கு நிறைய நேரமாகிறது. கேஷ் பெரிதாக இருந்தால் அந்த நடை குறையும்.

2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி இதற்கு நல்ல சாட்சி. 5800எக்ஸ் போலவே 8 கோர், அதே தலைமுறை. உச்ச வேகம்கூட 4.7-லிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸுக்குக் குறைந்தது. கேஷ் மட்டும் 32 எம்பியிலிருந்து 96 எம்பி ஆனது. நிறையக் கேம்களில் அது தெளிவாக முந்தியது, ஃப்ளைட் சிமுலேட்டரில் வித்தியாசம் இன்னும் பெரிது. ரெண்டரில் மட்டும் சற்றுப் பின்தங்கியது. அதற்குப் பின் வந்த 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி இரண்டும் இதே வழியில் வந்தவைதான்.

பெயரில் ஒரு எழுத்து

எனக்கு நிஜமாகவே கோபம் வரும் இடம் இது. வாங்குபவர்கள் ஏமாறும்படியே பெயர் வைக்கிறார்கள். ரைசன் 5 5600, ரைசன் 5 5500 இரண்டும் 6 கோர், 12 த்ரெட். முதலாவதில் 32 எம்பி கேஷ், பிசிஐஇ (கிராபிக்ஸ் கார்டோடு தகவல் பரிமாறும் வழி) 4.0. இரண்டாவதில் 16 எம்பி, பிசிஐஇ 3.0. ரைசன் 7 5700எக்ஸ்-க்கும் வெறும் 5700-க்கும் நடுவிலும் இதே பள்ளம்தான். ஒரு எக்ஸ் போனால் பாதிக் கேஷ் போகிறது.

பழைய கணினி விளம்பரங்களில் இன்னும் மோசம். "ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், கேமிங் பிசி" என்று போட்டிருப்பார்கள். எந்தத் தலைமுறை என்று இருக்காது. கேட்டால்தான் மூன்றாம் தலைமுறை என்று தெரியவரும். ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள் மட்டும் பொருந்தும் படிக்கட்டு. 2022-இன் ஐ3-12100 நாலு கோர் எட்டு த்ரெட்டோடு, அதே நாலு கோர் எட்டு த்ரெட் கொண்ட 2017-இன் ஐ7-7700கே-யைக் கேமில் முந்துகிறது. முழு மாடல் எண்ணைச் சொல்லாத இடத்தில் வாங்காதீர்கள். இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-இன் பட்டியலிலேயே இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வீடியோ வேலைக்கு எஃப் பிராசசர்

நண்பர் ஒருவர் கல்யாண வீடியோ எடிட் செய்பவர். புதுக் கேமரா வாங்கிய கையோடு புதுக் கணினியும் போட்டார். ஆயிரம் ரூபாயோ இரண்டாயிரமோ மிச்சம் என்று, பெயர் எஃப்-இல் முடியும் இன்டெல் பிராசசரை எடுத்தார். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். தனி கார்டுதான் இருக்கிறதே, என்ன குறைந்துவிடும் என்பது அவருடைய கணக்கு.

முதல் கல்யாணத்தை டைம்லைனில் போட்டார். தாலி கட்டும் காட்சி, இரண்டு கேமரா. பிளே பட்டனைத் தட்டினால் மேளச் சத்தம் ஒழுங்காக வருகிறது, படம் மட்டும் செகண்டுக்கு நாலைந்து ஃபிரேமாகத் தத்தித் தத்தி வருகிறது. அட்சதை அந்தரத்தில் நிற்கிறது. எங்கே வெட்டுவது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கேமரா பதிவு செய்தது ஹெச்.265, 10 பிட், 4:2:2. நிறத் தகவல் கூடுதலாக இருக்கும் வகை. இதைப் பிரித்துப் படிக்கும் தனிச் சுற்று, இன்டெலின் 11-ஆம் தலைமுறை முதல் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் உண்டு. க்விக் சிங்க் என்பார்கள். எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் ப்ரோ அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். எஃப்-இல் அந்தப் பகுதியே அணைக்கப்பட்டிருக்கிறது. என்விடியா கார்டுகளில் 4:2:2 வசதி 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது, அவரிடம் இருந்ததோ அதற்கு முந்தைய கார்டு. பிராசசரை மட்டும் எஃப் இல்லாத அதே மாடலுக்கு மாற்றினோம், பயாஸில் (மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) உள் கிராபிக்ஸை ஆன் செய்தோம். அட்சதை ஒழுங்காக விழுந்தது.

இதே கோளாறுக்குக் கோரைக் கூட்டித் தீர்வு தேடியிருந்தால் இன்னும் பல ஆயிரம் போயிருக்கும். அதனால் வீடியோவுக்கு என்று வாங்குகிறவர்கள், கேமரா எந்த வகையில் பதிவு செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் பிராசசர் பட்டியலுக்கு வாருங்கள். உள் கிராபிக்ஸ் இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. கார்டு பழுதாகி வாரன்டிக்குப் போகும் நாட்களில் திரையில் படமாவது வரும். அந்த மூன்று வாரத்தை நான் ஒருமுறை கறுப்புத் திரையோடு கழித்திருக்கிறேன்.

பிராசசரைச் சுற்றி இருப்பதை மறப்பது

ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை எடுக்க இன்டெலே அனுமதிக்கிறது. அந்தச் சூட்டைக் கூலர் வெளியே தள்ளினாலும் அறைக் காற்றை விடக் குளிர்ச்சியாக ஆக்கிவிட முடியாது. வெளிநாட்டு விமர்சனங்களில் 21, 22 டிகிரி அறையில் சோதித்திருப்பார்கள். மே மாதச் சென்னையில் ஏசி போடாத அறை 34 டிகிரி என்றால், பிராசசரும் ஏறக்குறைய அந்த 12 டிகிரியைச் சேர்த்துக்கொள்ளும். 88-இல் நின்றது 100-ஐத் தொட்டு, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதோடு விலை குறைந்த மதர்போர்டும் சேர்ந்தால், வாங்கிய முழு வேகத்தை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். ஏசி இல்லாத அறைக்கு 65 வாட் பிராசசர்தான் நிம்மதி.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறையில் அதிக வாட் எடுக்கும் பிராசசர்கள் சில, கூடுதல் வோல்டேஜால் நாளடைவில் கெட்டு, கேம் பாதியில் மூடிக்கொள்ளும் பிரச்சினை வந்தது. ஆகஸ்ட் 2024-இல் பயாஸ் அப்டேட்டாகத் திருத்தம் வந்தது, வாரன்டியும் இரண்டு வருடம் நீட்டிக்கப்பட்டது. திருத்தம் இனிமேல் கெடாமல் காக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரி செய்யாது. பழையது வாங்குவதாக இருந்தால் பயாஸ் எப்போது அப்டேட் ஆனது என்று கேளுங்கள், ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள்.

ரேம் இரண்டு துண்டாக இருக்கட்டும், ஒற்றைத் துண்டு வேண்டாம். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள், அப்போதுதான் ரேம் அதன் முழு வேகத்தில் ஓடும். டிடிஆர்5 6000 வாங்கிவிட்டு 4800-இல் மாதக்கணக்கில் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், 4கே திரையில் ஆடுபவர்களுக்குத் தடை பெரும்பாலும் கார்டில்தான் இருக்கும். அங்கே பிராசசரில் ஒரு படி இறங்கி, மிச்சக் காசைக் கார்டில் போடுவதே சரி.

அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவனுடையது ஏஎம்4 என்ற சாக்கெட் கொண்ட மதர்போர்டு. அதில் 2024-இல் வந்த ரைசன் 7 5700எக்ஸ்3டி பொருந்தும். 8 கோர், உச்ச வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ், 96 எம்பி கேஷ். அவன் வைத்திருந்ததில் பாதிக் கோர், வேகமும் குறைவு. "பெரிசைக் குடுத்துட்டுச் சின்னதை வாங்கச் சொல்றீங்களே மாமா" என்று இரண்டு நாள் யோசித்தான். கட்டடங்களுக்கு 3டி படம் ரெண்டர் செய்து தரும் என் நண்பர் ஒருவர் அந்தப் பதினாறு கோரை வாங்கிக்கொண்டார். அவருடைய ரெண்டர் முழுக்க பிராசசரில்தான் ஓடும். பழைய எட்டு கோரில் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போனவர், இப்போது சாப்பாட்டுக்கு முன் போட்டுவிட்டு, முடிந்ததும் வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டுத் தூங்குகிறார். இவன் பயாஸை அப்டேட் செய்து புதியதை மாட்டினான். அன்று மாலையே மும்பை விமான நிலையத்தில் இறங்கி வீடியோ எடுத்து அனுப்பினான். ஓடுதளம் வரை படம் எங்கேயும் நிற்கவில்லை, கிராபிக்ஸ் கார்டு 90-ஐத் தாண்டியிருந்தது.