கடலடி ஹைட்ரேட் படிவு: கிருஷ்ணா–கோதாவரியை வைத்து உங்கள் முதல் மாதிரி

மீத்தேன் ஹைட்ரேட், அதாவது மீத்தேன் வாயுவை நீர் சிறைப்பிடித்து உருவாகும் பனிக்கட்டி போன்ற திடப்பொருள், கடலடியில் எவ்வளவு ஆழம் வரை நிலைத்திருக்கும் என்று கணக்கிட ஒரு எக்செல் தாள் போதும். பைத்தான் தெரிந்தால் இன்னும் வசதி. கிணறு போட்டு வாயு எடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க டஃப் ப்ளஸ் ஹைட்ரேட் அருமையான மென்பொருள்தான். ஆனால் அதிலேயே தொடங்கினால் உள்ளீடுகளை நிரப்புவதிலேயே பொழுது போய்விடும், இயற்பியல் மனதில் ஏறாது. முதலில் கையால் போட்டுப் பாருங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, இந்திய தேசிய எரிவாயு ஹைட்ரேட் திட்டத்துக்காக 2006இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் ஆந்திரக் கடலில், கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் துளையிட்ட 10ஆம் தளத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே விடை ஏற்கெனவே தெரியும் என்பதுதான் காரணம். ஹைட்ரேட் உருகாமல் நிலைத்திருக்கக்கூடிய ஆழப் பகுதிதான் நிலைப்பு மண்டலம். அதன் அடியைக் காட்டும் பி.எஸ்.ஆர். என்ற நில அதிர்வலை எதிரொலிப்பு, கடலடிக்குக் கீழே சுமார் 160 மீட்டரில் இருக்கிறது.

படி 1: உள்ளீடுகள். கடல் ஆழம் சுமார் 1,040 மீட்டர். கடலடி வெப்பநிலை 6.5 டிகிரி செல்சியஸ். கீழே போகப் போக கிலோமீட்டருக்குச் சுமார் 45 டிகிரி வீதம் சூடு ஏறுகிறது.

படி 2: அழுத்தம். கடல் ஆழத்தையும் மண்ணுக்குள் இருக்கும் ஆழத்தையும் கூட்டி, நீரின் அடர்த்தி 1,030, புவியீர்ப்பு 9.81 ஆகியவற்றால் பெருக்குங்கள். விடை பாஸ்கலில் வரும், பத்து லட்சத்தால் வகுத்தால் மெகாபாஸ்கல். மண்ணின் எடையைச் சேர்க்க வேண்டாம். துளைகளில் உள்ள நீர் மேலே கடல்வரை தொடர்பில் இருப்பதால் ஹைட்ரேட் உணர்வது நீரின் அழுத்தத்தைத்தான். மண்ணின் எடையையும் சேர்த்தால் விடை இருபது மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும்.

படி 3: நிலைமாற்றக் கோடு. ஒவ்வொரு அழுத்தத்திலும் ஹைட்ரேட் எந்த வெப்பநிலை வரை உருகாமல் தாங்கும் என்பதை இது சொல்லும், அதுவே நிலைப்பு வெப்பநிலை. கடல்நீருக்கு டிக்கன்ஸ், குயின்பி-ஹன்ட் இருவரும் 1994இல் தந்த சூத்திரம் எனக்குப் பிடித்தது:

1 ÷ வெப்பநிலை = 0.00379 − 0.000283 × மடக்கை(அழுத்தம்)

வெப்பநிலை கெல்வினில், அழுத்தம் மெகாபாஸ்கலில். மடக்கையின் அடிமானம் 10. பலருக்கும் கால் இடறுவது இங்கேதான். பைத்தானின் நம்பை நூலகத்தில் ‘லாக்’ என்று மட்டும் எழுதினால் அது இயல் மடக்கையைத் தரும். அப்போது நிலைப்பு வெப்பநிலை 50 டிகிரியைத் தாண்டிக் காட்டும். அந்த எண்ணைக் கண்டதும் அடிமானத்தைச் சரிபாருங்கள். இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் பல வரைபடங்கள் தூயநீருக்கானவை. உப்பு அந்தக் கோட்டை ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாகக் கீழே இழுக்கிறது. தூயநீர்க் கோட்டை எடுத்தால் இந்தத் தளத்தில் மட்டும் 30 மீட்டர் பிசகும்.

படி 4: வெட்டும் புள்ளி. மண்ணின் வெப்பநிலையும் நிலைப்பு வெப்பநிலையும் எந்த ஆழத்தில் சமமாகின்றன? எக்செல்லில் கோல் சீக், பைத்தானின் சைபை நூலகத்தில் பிரென்ட்க்யூ இதைக் கண்டுபிடித்துத் தரும். எனக்கு 166 மீட்டர் வருகிறது. அங்கே அழுத்தம் 12.2 மெகாபாஸ்கல், வெப்பநிலை 14 டிகிரி. அளந்த 160க்கு இது நல்ல நெருக்கம்.

படி 5: எவ்வளவு இருக்கிறது? இதுவரை கண்டது ஹைட்ரேட் இருக்கக்கூடிய இடம் மட்டுமே. மீத்தேன் போதுமான அளவு வந்து சேராவிட்டால் அந்த மண்டலம் வெறும் சேறுதான். இந்தத் தளத்திலும் மேலே முதல் 25 மீட்டருக்குப் பிறகே ஹைட்ரேட் கணிசமாகத் தொடங்குகிறது.

வழக்கமாக மின்தடையை வைத்து ஆர்ச்சி சூத்திரம் போடுவார்கள். மின்தடை ஏற ஏற, மண்ணின் துளைகளில் நீர் குறைவு என்று கணக்கிடும் சூத்திரம் அது. வெறும் சேற்றின் மின்தடை 1, அளந்தது 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்தின் அடுக்கு 2 என்றால் துளைகளில் நீரின் பங்கு பத்தில் ஒன்றின் வர்க்கமூலம், அதாவது 32 சதவீதம். மீதி 68 சதவீதம் ஹைட்ரேட் என்று விடை வரும். இதே முறை 10ஆம் தளத்தில் 50 சதவீதத்துக்கு மேல், சில இடங்களில் 80 வரை காட்டியது. ஆனால் அழுத்தம் குறையாமல் மேலே கொண்டுவந்த மண் மாதிரிகளில் 26 சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை. அங்கே ஹைட்ரேட் களிமண்ணில் சீராகப் பரவியிருக்கவில்லை, ஏறக்குறைய செங்குத்தான வெடிப்புகளில் தகடுகளாக நிற்கிறது. பக்கவாட்டில் போகும் மின்னோட்டத்தை ஒவ்வொரு தகடும் மறிப்பதால் மின்தடை எக்கச்சக்கமாக ஏறுகிறது. களிமண் படிவு என்றால் ஆர்ச்சி விடையை மட்டும் நம்பி அறிக்கை எழுதவே எழுதாதீர்கள்.

படி 6: வாயுவின் அளவு. 1 கன மீட்டர் ஹைட்ரேட் சுமார் 164 கன மீட்டர் மீத்தேன் தரும். 130 மீட்டர் தடிமன், 60 சதவீதத் துளையிடம் என்று வைத்தால், ஒரு சதுர மீட்டருக்குக் கீழே 20 சதவீத ஹைட்ரேட்டுக்கு ஏறக்குறைய 2,560 கன மீட்டர் வாயு. 68 சதவீதம் என்று போட்டால் 8,700. முந்தைய படியில் அவ்வளவு நேரம் நின்றது இதற்காகத்தான்.

பின்சேர்க்கை: அந்தமானுக்கும் இதே தாள் சரிவருமா என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். அங்கே சூடு ஏறும் வேகம் இதில் ஏறக்குறைய பாதிதான். அதனால் நிலைப்பு மண்டலம் 600 மீட்டர் வரை இறங்குகிறது, அழுத்தமும் 20 மெகாபாஸ்கலை நெருங்குகிறது. மேலே தந்த சூத்திரம் 2.5 முதல் 10 மெகாபாஸ்கல் வரைக்கானது. 12 வரை இழுத்தால் பெரிய பிசகு வராது, 20க்கு அதை நம்ப வேண்டாம். கொலராடோ சுரங்கக் கல்லூரியின் சி.எஸ்.எம்.ஜெம் நிரலில் கடல்நீரின் உப்பளவைக் கொடுத்துக் கோட்டை எடுத்து, படி 3இல் அதைப் போடுங்கள். மற்ற படிகளில் உள்ளீட்டு எண்களை மாற்றினால் போதும்.