முதல் டாக் ஃபுட் பை வாங்கப் போகிறீர்களா? பையைத் திருப்பிப் படியுங்கள்

எங்கள் முதல் நாய்க்குட்டிக்குச் சோறும் எலும்பில்லாத கறியும்தான் போட்டு வந்தோம். ஆசையாகச் சாப்பிட்டது, ஆனால் நாலாவது மாதத்தில் முன்னங்கால் வளைய ஆரம்பித்தது. கால்சியம் போதவில்லை, கறியில் அது ரொம்பக் குறைவு என்றார் மருத்துவர். அன்றிலிருந்து நான் எந்தப் பையையும் படிக்காமல் வாங்குவதில்லை. நீங்களும் இப்படிப் படியுங்கள்.

1. முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டு, பின்னால் 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால்தான் அதை மட்டுமே வைத்து நாயை வளர்க்க முடியும். 'காம்ப்ளிமென்டரி' என்று இருந்தால் அது தொட்டுக்கொள்ள மட்டும்.

2. வயது. குட்டிக்கு 'பப்பி' அல்லது 'க்ரோத்' என்று போட்டது வேண்டும். லாப்ரடார், ராஜபாளையம் மாதிரி பெரிதாக வளரும் குட்டி என்றால் 'லார்ஜ் ப்ரீட் பப்பி'யையே கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் இவற்றுக்குக் கால்சியம் குறைந்தாலும் எலும்பு கெடும், கூடினாலும் கெடும். அதனால் நல்ல பப்பி ஃபுட் கொடுத்துக்கொண்டே மருத்துவர் சொல்லாமல் கால்சியம் டானிக்கும் ஊற்றாதீர்கள்.

3. புரதக் கணக்கு. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். உலர் உணவில் புரதம் 24%, டப்பாவில் வரும் ஈர உணவில் 8% என்று எழுதியிருக்கும், உடனே டப்பா மட்டம் என்று தோன்றும். ஆனால் டப்பாவில் 80% தண்ணீர். மீதி 20 பங்கில் 8 பங்கு புரதம் என்றால் அது 40%. உலர் உணவில் ஈரப்பதம் 10%தான், 90-இல் 24 என்றால் சுமார் 27%. தண்ணீரைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். அமெரிக்காவின் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ஆஃப்கோவின் (AAFCO) அளவுகோல்படி, இப்படிக் கழித்த கணக்கில் குட்டிக்குக் குறைந்தது 22.5%, வளர்ந்த நாய்க்கு 18% புரதம் வேண்டும்.

பொருள் பட்டியலிலும் இதே தண்ணீர் விஷயம் உண்டு. எடை அதிகமானது முதலில் வரும், பச்சைக் கோழிக்கறியில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் இருப்பதால் அது சுலபமாக முதலிடம் பிடித்துவிடும். அடுத்த நாலைந்து பெயர்களையும் படியுங்கள்.

4. லூஸில் வாங்காதீர்கள். பெரிய மூட்டையைப் பிரித்து கவரில் கட்டி விற்பதில் காலாவதித் தேதியும் தெரியாது, கொழுப்பு சிக்குப் பிடித்ததும் தெரியாது. பிரித்த பையை ஒன்றரை மாதத்துக்குள் தீர்க்கிற அளவில் வாங்குங்கள்.

5. புது உணவை ஒரே நாளில் மாற்றினால் பேதி ஆகலாம். முதல் இரண்டு நாள் கால் பங்கு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால், ஒரு வாரத்தில் முழுசாக. சாப்பிட மாட்டேன் என்கிறதே என்று மேலே வீட்டுக் குழம்பை ஊற்ற வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சை, உலர் திராட்சை சிறுநீரகத்தையே பாதிக்கும், ஆகவே பாயசமும் கூடாது.

6. அளவு. 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளுக்குச் சுமார் 600 கலோரி. உங்கள் பையில் 100 கிராமுக்கு 350 கலோரி என்றால் 170 கிராம் போதும், அதை இரண்டு வேளையாகப் பிரியுங்கள். டம்ளரில் அள்ளாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

ஒரு மாதம் கழித்து நாயின் விலாவைத் தடவிப் பாருங்கள். விரித்த புறங்கையில் எலும்பு தட்டுப்படுகிற மாதிரி இருந்தால் அளவு சரி. மடக்கிய விரல் முட்டி போலத் துருத்தினால் கொஞ்சம் கூட்டுங்கள், உள்ளங்கை போல மெத்தென்று இருந்தால் குறையுங்கள். மலம் கெட்டியாக, கையில் ஒட்டாமல் எடுக்க வந்தால் அந்த உணவு உங்கள் நாய்க்குச் செரிக்கிறது. இரண்டு வாரம் ஆகியும் இளகியே போனால் வேறு பை வாங்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள், பூச்சித் தொல்லையாகவும் இருக்கலாம்.