சிறுநீரக இரத்த ஓட்டம்: எக்செல்லில் உங்கள் முதல் சிமுலேஷன்

இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகுகள். அத்தனையையும் முப்பரிமாணத்தில் வரைய வேண்டுமோ என்று தயங்காதீர்கள். தொடங்குவதற்கு எக்செல் போதும்.

படி 1: நெஃப்ரான்கள் அனைத்தையும் ஒன்றாகத் திரட்டி, இரத்த ஓட்டத்தை எதிர்க்கும் இரண்டே தடைகளாக்குங்கள். கிளாமருலஸுக்குள் (நெஃப்ரானில் வடிகட்டல் நடக்கும் நுண்குழாய்ச் சுருள்) இரத்தம் கொண்டுவரும் உட்செல் நுண்தமனி ஒன்று, வெளியே கொண்டுபோகும் வெளிச்செல் நுண்தமனி இன்னொன்று. வடிகட்டலில் பிரியும் நீரை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

படி 2: தமனி அழுத்தம் 100, சிரை அழுத்தம் 5 (மி.மீ. பாதரசம்), உட்செல் தடை 4.5, வெளிச்செல் தடை 5 என்று இடுங்கள்.

ஓட்டம் = (தமனி அழுத்தம் − சிரை அழுத்தம்) ÷ இரு தடைகளின் கூட்டுத்தொகை
கிளாமருலஸ் அழுத்தம் = சிரை அழுத்தம் + ஓட்டம் × வெளிச்செல் தடை

வினாடிக்கு 10 மி.லி., அதாவது நிமிடத்துக்கு 600 மி.லி. ஓட்டமும், 55 அழுத்தமும் வரும். ஒரு சிறுநீரகத்துக்கு இவை பொருத்தமான அளவுகளே.

படி 3: தமனி அழுத்தத்தை 140 ஆக்குங்கள். ஓட்டம் 853-க்கும் கிளாமருலஸ் அழுத்தம் 76-க்கும் எகிறும். உயிருள்ள சிறுநீரகம் இதை அனுமதிக்காது. அழுத்தம் கூடியதும் உட்செல் நுண்தமனியின் சுவர்த்தசை சுருங்கிவிடும்.

படி 4: அந்தச் சுருக்கத்தைச் சேர்ப்போம். என்னைக் கேட்டால், இந்த மாதிரியின் உயிரே இங்குதான் இருக்கிறது. உட்செல் நுண்தமனியின் ஆரத்தை 1 என்று தொடங்கி, அடுத்தடுத்த வரிசைகளில் இப்படிக் கணக்கிடுங்கள்:

உட்செல் தடை = 4.5 ÷ ஆரத்தின் நான்காம் அடுக்கு
புதிய ஆரம் = பழைய ஆரம் − 0.001 × (கிளாமருலஸ் அழுத்தம் − 55)

சூத்திரத்தை 50 வரிசைகளுக்கு இழுத்தால் அழுத்தம் 55-க்கும், ஓட்டம் 600-க்கும் திரும்பிவிடும். ஆரத்தைப் பாருங்கள்: 0.85! தடை ஏறத்தாழ இரட்டிப்பாக, குழாய் 15 சதவீதம் குறுகியதே போதுமானது. நான்காம் அடுக்கு செய்யும் வேலை இது.

படி 5: எந்தக் குழாயும் அளவின்றி விரியாது. ஆரத்துக்கு 1.16 என்று உச்ச வரம்பு வையுங்கள். இப்போது தமனி அழுத்தம் 80 வரை ஓட்டம் நிலைத்து நிற்கும். 60-க்கு இறக்கினால் 441 மி.லி.யாகச் சரியும். மனித சிறுநீரகத்தின் தற்காப்பும் ஏறத்தாழ 80-க்குக் கீழேதான் தளர்கிறது.

ஒரு எச்சரிக்கை. 140-இல் 0.001-ஐ 0.015 ஆக்கினால் ஆரம் நிலைகொள்ளாமல் ஊசலாடும். எலிகளின் நெஃப்ரான்களிலும் அழுத்தம் நிமிடத்துக்கு 2, 3 முறை ஏறி இறங்குவது உண்டு. ஆனால் அதற்குக் காரணம் நெஃப்ரானின் பின்னூட்டம் தாமதமாக வந்து சேர்வது. உங்கள் திரையில் தெரிவது கணக்கீட்டுப் படி பெரிதானதன் விளைவு.