கோடியக்கரையில் பறவை பார்க்க முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கோடியக்கரைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது "பூநாரை (ஃபிளமிங்கோ) எங்கே?" என்றுதான். அதைவிட, தண்ணீர் எங்கே எவ்வளவு ஆழம் என்று கேட்டால் பறவை தானாகக் கிடைக்கும். உள்ளான் என்பது சேற்றோரம் மேயும் கரைப்பறவை. அதில் கொசு உள்ளான் சிட்டுக்குருவி அளவுதான். ஈரச் சேற்று விளிம்பை விட்டு அதிகம் இறங்காது. பவளக்கால் உள்ளானுக்கு நாலு விரல் தண்ணீர் போதும். பூநாரை நம் முழங்கால் அளவு நீரிலும் நின்று மேயும். நவம்பர் மழையில் சதுப்பு வெள்ளக்காடாகிவிட்டால் சின்ன உள்ளான்கள் நிற்க இடமில்லாமல் சிதறிவிடும். மழை ஓய்ந்து நீர் வடியத் தொடங்கும் ஜனவரிதான் நல்ல மாதம்.

வேதாரண்யத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வழியில் வரும் அகஸ்தியம்பள்ளி, 1930-இல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய இடம். இன்றும் அங்கே உப்பளங்கள் இருக்கின்றன. அவற்றின் பாத்திகளிலும் உள்ளான்கள் மேயும். வரப்பில் ஏறாதீர்கள். வரப்பு சரிந்தால் பாத்தி நீர் கலந்து உப்பு விளைச்சல் கெடும்.

பெரிய சதுப்பு கோடியக்கரைக் காட்டுக்கு மேற்கே விரிகிறது. அதனால் காலையில் சதுப்பின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் முதுகில் விழும், நிறம் தெளியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல்தான். ஒன்பது மணிக்கு மேல் கானல் ஆடத் தொடங்கும். அப்புறம் எவ்வளவு விலையுள்ள தொலைநோக்கியும் உதவாது. கையில் பிடித்துப் பார்க்க 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்புக் கண்ணாடியுள்ள) இருகண் நோக்கி போதும். கண்ணாடியில் உப்புப் படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். முதலில் ஊதிவிட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும் தரையை நம்பி இறங்காதீர்கள். மேலே உப்புப் பொருக்கு மெல்லிசாக நொறுங்கும், அடியில் கறுப்புச் சேறு கணுக்காலைக் கவ்வும்.

பெரும் பூநாரையின் அலகு வெளிர் ரோஜா நிறம், நுனி மட்டும் கறுப்பு. சிறு பூநாரைக்கு அலகு முழுவதுமே அடர்ந்த நிறம், உடம்பும் சிறியது. சாம்பலும் பழுப்புமாக நிற்பவற்றை வேறு இனம் என்று எழுதிவிடாதீர்கள். அவை இளம் பறவைகள். மேயும்போது பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் அலசும். நீங்கள் நெருங்க, ஒவ்வொன்றாகக் கழுத்தை நிமிர்த்தி, ஒரே பக்கமாக நடக்க ஆரம்பித்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். இன்னும் பத்தடி வைத்தால் கூட்டம் எழும்பிவிடும். தொலைவிலிருந்து வந்து உடம்பில் கொழுப்புச் சேர்க்கும் பறவைக்கு வீணாகப் பறப்பது பெரிய இழப்பு. படத்துக்காகப் பறக்கவிடுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

எண்ணும்போது பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் அளந்துகொண்டு, அந்த அளவால் கூட்டத்தை நகர்த்தி எண்ணுங்கள். நடுவில் நெருக்கம், ஓரத்தில் கலைவு. ஒரே அளவைப் போட்டால் கணக்குத் தப்பும். காலில் வளையம் தெரிந்தால் எந்தக் கால், என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்து மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் இங்கே பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வருகிறார்கள்.

சரணாலயம் 1967-இல் அமைந்தது வெளிமானுக்காக. 2002-இல் ராம்சர் இடமானது, அதாவது பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக ஏற்கப்பட்டது. புல்வெளியில் சீமைக்கருவேலம் ஏறியதும், 2018 கஜா புயல் காட்டை முறித்துப் போட்டதும் மானுக்குப் பெரிய அடி. மானைப் பார்க்க விடியற்காலையில் வண்டியை நிறுத்தி, இறங்காமல் உள்ளிருந்தே பாருங்கள். அடையாள அட்டையை எடுத்து வந்து, வனத்துறை வாசலில் அன்றைக்கு எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள். மழைக்குப் பின் சதுப்புப் பக்கப் பாதையில் வண்டி புதையும்.